தறியின் பெட்டியும் கணிப்பொறியின் கூடும்

இயந்திரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவற்றின் உள்ளே சுழலும் சக்கரங்களைப் பற்றியும் ஓடும் மின்னோட்டத்தைப் பற்றியுமே பெரிதும் பேசுவர். அவ்வுறுப்புகளைத் தாங்கி நிற்கும் கூட்டைப் பற்றி ஒரு வரி எழுதினால் அதுவே அதிகம். மரமும் தகரமும் தச்சர் பாடு, கொல்லர் பாடு. அறிவின் வரலாற்றில் அவற்றுக்கு என்ன இடம் என்று எண்ணிவிடுகிறோம். ஆயினும், ஒரு பொறியை யார் திறக்கலாம், யார் பழுது பார்க்கலாம், யார் அதன் உள்ளே நோக்கிக் கற்றுக்கொள்ளலாம் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது அந்தக் கூடுதான். இவ்வுண்மையை விளக்குவதற்கு ஆரணியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பது என் கருத்து.

ஆரணி என்றதும் வரலாறு பயிலும் மாணவர்களுக்கு 1751-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் கிளைவின் படைக்கும் ரசா சாகிபுவின் படைக்கும் நடந்த போர் நினைவுக்கு வரும். மற்றையோருக்கு நினைவில் வருவன இரண்டு: ஒன்று அரிசி, மற்றொன்று பட்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த இவ்வூரிலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றூர்களிலும் பட்டு நெசவே பல குடும்பங்களின் வாழ்வு. கருநாடகத்துப் பட்டு நூலும் சூரத்து நகரத்துச் சரிகையும் இங்கே வந்து சேலையாகின்றன. அத்தெருக்களில் நடந்து செல்வோர் காதில் தறியின் ஓசை விழாமல் இராது. அவ்வோசையைக் கேட்டு ஒரு வீட்டின் உள்ளே எட்டிப் பார்த்தால், குழியில் கால்களை இறக்கி அமர்ந்திருக்கும் நெசவாளரின் தலைக்கு மேலே, உயர்ந்த சட்டத்தின்மீது ஒரு பெட்டி அமர்ந்திருப்பதைக் காணலாம். அதன் ஒரு புறத்தில், துளையிட்ட அட்டைகள் நூலால் கோத்த மாலைபோலத் தொங்கும். ஊரார் அதனை ‘ஜக்கார்டு பெட்டி’ என்று அழைக்கின்றனர்.

அந்தப் பெட்டியின் கதையை முதலில் அறிவோம். துணியில் பூவோ, மயிலோ, மாங்காயோ தோன்றவேண்டுமானால், நீளவாட்டில் உள்ள பாவு நூல்களுள் சில மேலெழவேண்டும். சில கீழே கிடக்கவேண்டும். அவ்விடைவெளியில் நாடா ஓடி ஊடை நூலைச் செலுத்தும். அடுத்த ஊடைக்கு வேறு சில நூல்கள் எழவேண்டும். பழங்காலத்தில் இதற்கென்று தறியருகே ஓர் உதவியாள் அமர்ந்து, உரிய கயிறுகளை உரிய வேளையில் இழுத்துக் கொடுப்பார். பிரான்சு நாட்டின் பட்டு நகரமாகிய லியோனில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். நாள் முழுவதும் கயிறு இழுத்து உடல் வளைந்த அச்சிறுவர்களின் துன்பத்தை நீக்கும் வழியைப் பலர் தேடினர். 1725-ஆம் ஆண்டு பசீல் பூஷோன் என்பார் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் ஃபால்கோன் என்பார் காகிதச் சுருளுக்குப் பதிலாகத் தனித்தனி அட்டைகளைக் கோத்து அமைத்தார். 1745-ஆம் ஆண்டளவில் வோகான்சோன் என்னும் வல்லுநர் அவ்வமைப்பு முழுவதையும் தறியின் உச்சியில் ஏற்றினார். இவர்கள் அனைவருடைய முயற்சியையும் ஒன்றுபடுத்தி, நாள்தோறும் நெசவாளர் கையாளத்தக்க கருவியாக 1804-ஆம் ஆண்டில் ஆக்கித் தந்தவர் யோசேப்பு மரி ஜக்கார்டு.

அக்கருவி வேலை செய்யும் முறை எளியது. பெட்டியின் உள்ளே நிமிர்ந்த கொக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கொக்கியும் ஒரு கிடைமட்ட ஊசியோடு பிணைக்கப்பட்டுள்ளது. நெசவாளர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை வந்து ஊசிகளின் முனையில் மோதுகிறது. அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடுகிறது. கொக்கி தன் இடத்திலேயே நின்று, மேலேறும் சட்டத்தில் மாட்டிக்கொண்டு தன் பாவு நூலைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி பின்தள்ளப்பட, கொக்கி விலகுகிறது. நூல் கீழேயே கிடக்கிறது. துளை உண்டு அல்லது இல்லை. நூல் எழும் அல்லது எழாது. இவ்விரண்டே சொற்களால் ஆன மொழியில்தான் பட்டுச் சேலையின் கரையும் முந்தியும் எழுதப்படுகின்றன. 120 கொக்கி, 240 கொக்கி என்று பெட்டியின் ஆற்றலை நெசவாளர் கணக்கிடுவர். கட்டமிட்ட தாளில் ஓவியர் வரைந்த பூவினைக் கட்டம் கட்டமாகப் படித்து, அட்டையில் துளை குத்துவதே ஒரு தனித்தொழிலாக வளர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டில் தமிழகத்துத் தறிகளின் உச்சியில் இப்பெட்டி பரவலாக இடம்பெற்றது.

‘உண்டு, இல்லை’ என்னும் இந்த இருசொல் மொழி நெசவோடு நின்றுவிடவில்லை. இலண்டன் மாநகரில் வாழ்ந்த கணித அறிஞர் சார்லசு பாபேஜ், எந்தக் கணக்கையும் தானே செய்து முடிக்கும் பொறி ஒன்றை 1830-களில் மனத்தில் வகுத்தார். அதற்குக் கட்டளையிடும் வழியாக அவர் தேர்ந்தது ஜக்கார்டின் துளையட்டையே. பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று அவரிடம் இருந்தது. அந்த ஒரு படத்தை நெய்வதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன என்றால், அக்கலை எத்துணை உயரத்தை எட்டியிருந்தது என்பதை உணரலாம். பாபேஜின் பொறியைப் பற்றி 1843-ஆம் ஆண்டு விரிவான குறிப்புகள் எழுதிய அடா லவ்லேசு சீமாட்டி, தறி பூக்களை நெய்வதுபோல இப்பொறி கணிதக் கோலங்களை நெய்யும் என்னும் கருத்தை உலகுக்கு அளித்தார். பொறி முற்றுப்பெறவில்லை, ஆனால் அட்டை வாழ்ந்தது. 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எர்மன் ஆலரித் என்பார் துளையட்டைகளைக் கொண்டு கணக்கிட்டார். அவருடைய நிறுவனம் வேறு சிலவற்றோடு 1911-இல் இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கணிப்பொறிகளுக்கு உணவு ஊட்டியவை துளையட்டைகளே.

இதுவரை கூறியது பொறியின் மூளையைப் பற்றிய கதை. இனி அதன் கூட்டைப் பார்ப்போம்.

முதற் கணிப்பொறிகளுக்குப் பெட்டி என்று சொல்லத்தக்கது இல்லை. 1946-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட ‘எனியாக்’ என்னும் பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதன் பலகைகள் ஒரு பெரிய அறையின் சுவர்களை ஒட்டி நின்றன. மனிதர்கள் பொறியின் உள்ளேயே நடமாடினர் எனலாம். அறையே அதற்குக் கூடாயிற்று.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி விரைவில் தொடங்கியது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஓர் இளைஞர் குழு கணிப்பொறி ஒன்றைத் தாமே அமைக்க முனைந்தது. அவர்களுள் எவரும் அதற்கு முன் கணிப்பொறி கட்டியவர் அல்லர். 1956-இல் முன்மாதிரிப் பொறி இயங்கியது. 1960-இல் முழுப்பொறி பணி தொடங்கியது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார். அதன் உள்ளே 2,700 வெற்றிடக் குழாய்கள் எரிந்தன. அவை அனைத்தையும் தாங்குவதற்கு 18 அடி நீளமும், இரண்டரை அடி அகலமும், 8 அடி உயரமும் உள்ள எஃகுச் சட்டம் அமைக்கப்பட்டது. அச்சட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் இரு புறமும் கதவுகள் வைத்தனர் என்பது நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. வெற்றிடக் குழாய் விளக்கைப்போல அணைந்துபோகும் இயல்புடையது. எது பழுதுற்றது என்று கண்டு மாற்றவேண்டுமானால் கை உள்ளே போகவேண்டும். தம் கையால் கட்டியவர்கள் தம் கைக்கு வழிவிட்டே கட்டினர்.

குழாய்கள் மறைந்து, விரல்நுனி அளவுள்ள சில்லுகள் வந்தபின், கணிப்பொறி வீட்டு மேசைக்கு வரும் காலம் பிறந்தது. 1975-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அமெரிக்க மின்னணு இதழ் ஒன்றின் அட்டையில் ‘ஆல்டேர்’ என்னும் சிறு கணிப்பொறியின் படம் வெளியாயிற்று. ஆயிரக்கணக்கானோர் அதனைப் பார்த்துப் பணம் அனுப்பினர். படத்தில் இருந்ததோ வெறும் பெட்டி! இதழுக்கு அனுப்பிய உண்மைப் பொறி வழியில் தொலைந்துபோனமையால், கூட்டை மட்டும் செய்து படம் பிடித்தனர். இதற்கு மறுதலையான நிகழ்ச்சி அடுத்த ஆண்டு நடந்தது. 1976-இல் விற்பனைக்கு வந்த ‘ஆப்பிள்’ நிறுவனத்தின் முதற்பொறிக்குக் கூடே கிடையாது. மின்சுற்றுப் பலகை ஒன்றை மட்டும் விற்றனர். வாங்கியவர்கள் தத்தம் ஊர்த் தச்சரிடம் சென்றோ, தாமே இழைப்புளியும் உளியும் ஏந்தியோ மரப்பெட்டி செய்துகொண்டனர். இன்று அருங்காட்சியகங்களில் அப்பெட்டிகளைக் காண்போர், ஒன்றுபோல் மற்றொன்று இல்லாததைக் கண்டு வியக்கின்றனர். அதே ஆண்டில் வந்த ‘சோல்’ என்னும் பொறியின் பக்கங்கள் அக்ரூட் மரத்தால் ஆனவை.

1977-இல் ஆப்பிளின் இரண்டாம் பொறி நெகிழிக் கூட்டோடு வந்தது. அதன் மேல்மூடியைக் கருவி எதுவுமின்றிக் கையாலேயே எடுத்துவிடலாம். உள்ளே புதிய பலகைகளைச் செருக எட்டு இடங்கள் இருந்தன. பள்ளி மாணவர்களும் அதனைத் திறந்து பார்த்தனர். பார்த்தவர்களுள் பலர் பின்னர்ப் பொறியாளராயினர். ஆனால் 1984-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘மக்கின்டாஷ்’ பொறியின் கூடு வேறு கொள்கையுடையது. வீட்டில் இராத நீண்ட திருப்புளி ஒன்று இருந்தாலன்றி அதனைத் திறத்தல் இயலாது. அதனைப் படைத்த குழுவினர் தம் கையொப்பங்களைக் கூட்டின் உட்புறச் சுவரில் பொறித்து வைத்தனர். ஓவியர் தம் பெயரை ஓவியத்தில் இடுவதுபோன்ற அழகிய செயல்தான் அது. ஆயினும் அக்கையொப்பங்கள், உடையவரே காணக்கூடாத இடத்தில் அல்லவா இருந்தன! கணிப்பொறியின் வரலாற்றில் கதவு மூடப்பட்ட கணம் எது என்று என்னைக் கேட்டால், இதனையே சுட்டுவேன்.

அதே 1984-ஆம் ஆண்டில்தான் நம் நாட்டுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் புகுத்தும் ‘கிளாஸ்’ திட்டம் தொடங்கியது, ‘பி.பி.சி. மைக்ரோ’ என்னும் பொறிகள் பள்ளிகளுக்கு வந்தன. அக்காலத்து எட்டு பிட் கணிப்பொறிகளின்மீது இன்று உலகெங்கும் ஒரு புதிய ஆர்வம் பிறந்துள்ளது. பழைய சில்லுகளைத் தேடி வாங்கி, தம் கையாலேயே பற்றவைத்து, ஒரு முழுக் கணிப்பொறியைக் கட்டி இயக்குவோர் பலர். வேகத்துக்காக அவர்கள் இதனைச் செய்வதில்லை. ஒரு பொறியின் ஒவ்வோர் அசைவும் தமக்குப் புரியவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அவ்விருப்பம் எனக்கும் உண்டு. 1976-இல் பிறந்து, 2024-இல் தயாரிப்பு நிறுத்தம் அறிவிக்கப்பட்ட ‘இசட் 80’ என்னும் சில்லையும், 64 கிலோபைட் நினைவகத்தையும் கொண்டு நானும் ஒரு பொறி கட்டினேன். அதற்குக் கூடு வேண்டியபோது, ஆரணியில் தறிச் சட்டமும் ஜக்கார்டுப் பெட்டிக்கான மரவேலையும் செய்யும் தச்சர் ஒருவரை நாடினேன்.

பலகையை அவர் கையில் வாங்கி, நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். நீளம், அகலம் எதையும் கேட்கவில்லை. “ஐயா, இதை அடிக்கடி திறப்பீர்களா, மூடியே வைப்பீர்களா?” என்பதே அவருடைய முதற்கேள்வி. ஏன் கேட்கிறீர்கள் என்றேன். “திறக்கிற பெட்டிக்குக் கீல் வேண்டும், திறக்காத பெட்டிக்கு ஆணி போதும். ஜக்கார்டு பெட்டியை நாங்கள் ஒருநாளும் ஆணியடித்து மூடுவதில்லை. ஒரு கொக்கி வளைந்தால் நெய்கிறவர்தானே நிமிர்த்தவேண்டும்?” என்றார் அவர்.

கணிப்பொறிக் கூடுகளின் வரலாறு முழுவதையும் இரண்டு வாக்கியங்களில் அடக்கிக் கூறிவிட்டார் அத்தச்சர். பின்னர் நாங்கள் இருவரும் அமர்ந்து ஒவ்வொன்றாகத் தீர்மானித்தோம். நன்றாக உலர்ந்த பழைய தேக்கே மரமாயிற்று. பச்சை மரம் கோடையில் சுருங்கி மூலை பிளக்கும். மின்சுற்று சூடாகுமாதலால், அடிப்பலகையில் ஒரு வரிசைத் துளையும், பின்பலகையின் மேற்புறத்தில் மற்றொரு வரிசைத் துளையும் இட்டோம். சூடான காற்று மேலே வெளியேற, குளிர்ந்த காற்று கீழிருந்து உள்ளே வரும். பலகை மரத்தைத் தொடாதவாறு சிறு பித்தளைக் கால்களின்மீது நிறுத்தினோம். உட்புறத்தில் மெல்லிய உலோகத் தகட்டை ஒட்டி, அதனை நிலத்தொடர்போடு இணைத்தேன். இல்லையேல் பொறியிலிருந்து எழும் மின்னலைகள் பக்கத்து வீட்டு வானொலியில் இரைச்சலாக ஒலிக்கும். இதனை வானொலி நேயர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மேல்மூடிக்கு இரண்டு கீல்கள் பொருத்தப்பட்டன. ஆணி ஒன்றுகூட இல்லை. பொருத்துகள் அனைத்தும் மரத்தோடு மரம் கவ்வியவை, தறிச் சட்டத்தில் உள்ளவை போன்றே.

ஒரு பெட்டியைப் பற்றி இவ்வளவு பேசவேண்டுமா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். இன்று அந்தக் கேள்வி ஆரணியின் தறிகளுக்கே வந்துவிட்டதனால்தான் பேசுகிறேன். 1983-ஆம் ஆண்டு பொனாஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் மின்னணு ஜக்கார்டை அறிமுகம் செய்தது. அட்டைக்குப் பதிலாக நினைவகமும், அட்டையின் துளைக்குப் பதிலாக மின்காந்தமும் அதில் வேலை செய்கின்றன. பாபேஜ் தறியிடமிருந்து கடன் வாங்கியதைக் கணிப்பொறி இங்ஙனம் தறிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. தமிழகத்துக் கைத்தறிகளிலும் இத்தகைய கருவிகள் இடம்பெறத் தொடங்கியுள்ளன. இவற்றால் விளையும் நன்மைகளை மறுத்தல் நேர்மையாகாது. புதிய கோலம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான அட்டைகளைக் குத்திக் கோக்கும் செலவும் நாளும் மிச்சமாகின்றன. ஒரே தறியில் இன்று ஒரு பூவும் நாளை வேறொரு பூவும் எளிதில் நெய்யலாம்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். பழைய பெட்டியில் ஊசி வளைந்தால் நெசவாளர் சட்டத்தின்மீது ஏறி, தம் விரலால் தடவிப் பார்த்து, அரைமணி நேரத்தில் சரிசெய்துகொண்டு மீண்டும் குழியில் இறங்குவார். புதிய பெட்டியின் உள்ளே ஒரு சுற்று பழுதானால் அவர் யாரை எதிர்பார்ப்பது? நகரத்திலிருந்து ஒருவர் வரும்வரை நாடா அசையாது. நெய்த சேலைக்குத்தான் கூலி. அசையாத தறிக்குக் கூலி கொடுப்பவர் எவருமில்லை. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தன் கருவியைத் தானே அறிந்து வாழ்ந்த ஒரு மனிதன், தன் வீட்டில் இருக்கும் கருவிக்கே அயலானாகிவிடுகிறான். இக்குற்றம் மின்னணுவியலைச் சாராது. மின்சுற்றையும் கற்கலாம், கற்பிக்கலாம். டிஃப்ராக் கட்டிய இளைஞர்கள் அவ்வாறு கற்றவர்களே. பெட்டிக்குக் கீல் வைக்காமல் ஆணி அடித்தவர்களையே இக்குற்றம் சாரும்.

இக்கருத்து இன்று தச்சர் ஒருவருடைய கருத்தாக மட்டும் இல்லை. வாங்கிய பொருளைத் தாமே திறந்து செப்பனிட்டுக்கொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டு என்னும் குரல் பல நாடுகளில் எழுந்துள்ளது. நம் இந்திய அரசும் 2022-ஆம் ஆண்டு, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தை ஏற்படுத்தியது. பொருளின் உள்ளமைப்பு விளக்கமும், மாற்று உறுப்புகளும், செப்பனிடும் வழிமுறையும் வாங்குவோருக்குக் கிடைக்கவேண்டும் என்பதே இதன் அடிப்படை. சட்டங்களும் தளங்களும் வழியைத் திறக்கும். வழியில் நடப்பதற்கு மனிதர் வேண்டுமே!

பொறியியல் பயிலும் மாணவர்கள் நாளை பல கருவிகளை வகுக்கப் போகிறவர்கள். அவற்றுள் சில ஆரணியின் தறிகளுக்கே வந்து சேரவும் கூடும். உள்ளே வைக்கும் சில்லைப் பற்றி உங்கள் ஆசிரியர்கள் நிரம்பக் கற்பிப்பார்கள். வெளியே வைக்கும் மூடியைப் பற்றி நீங்களே சிந்திக்கவேண்டும். விடுமுறை நாளில் ஒருமுறை ஆரணிக்குச் சென்று, இசைவு தரும் நெசவாளர் ஒருவர் வீட்டில் அந்தப் பெட்டியை அருகிருந்து பாருங்கள். அட்டை மோதுவதையும் கொக்கி எழுவதையும் ஒரு சுற்று முழுவதும் கண்ணால் தொடர்ந்தால், கணிப்பொறி எவ்வாறு கட்டளையை ஏற்கிறது என்பது தெளிவாகும். வீடு திரும்பிய பின்னர், உங்கள் மேசைமீது உள்ள கருவிகளுள் எத்தனையை நீங்களே திறக்க முடியும் என்று எண்ணிக் கணக்கெடுங்கள்.